சிவபாதம் அண்ணையின் ஓமும் நாகேஸ்வரி அக்காவின் ஒப்பரேஷனும்

போன மாதம் துர்க்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் ஓய்வு பெறும்வரை வேலை செய்த ஆலோசனை நிலையத்தில் இப்போது என் கதிரையில் இருப்பவள் அவள்.

"அண்ணை, இஞ்ச ஒரு அம்மா வந்திருக்கிறா. ஏலாத மனுசனைப் பாக்கிறவ. இப்ப அவவுக்கே ஒப்பரேஷனாம். தான் படுத்தா அலவன்ஸ் நிண்டுபோமெண்டு திகதியைத் தள்ளப் போறாவாம். நீங்கள் இப்பிடி ஏதும் கேஸ் பாத்தனீங்களோ?"

நான் சிரித்துவிட்டேன். சும்மா சிரிப்பல்ல, தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைக்கிற சிரிப்பு. பிறகு எழும்பிக் கட்டிலுக்கடியில் எதையோ தேடினேன்.

"அண்ணை, நிக்கிறியளோ? சுகமில்லையே?"

"சுகம்தான் பிள்ளை. பொறு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாறன்."

ஓய்வு பெற்றால் மனுசருக்கு இப்படித்தான் ஆகும்போல என்று அவள் நினைத்திருப்பாள். சப்பாத்தைப் போட்டேன், அவளுக்கு வேண்டிய பதிலைச் சொன்னேன். "இந்தச் சிரிப்புக்கு என்ன காரணமெண்டு எழுதித் தாங்கோ, எங்கடை ஆக்கள் வாசிக்கட்டும்" என்று கேட்டாள். அதனால் எழுதுகிறேன்.

நான் எண்பதுகளின் நடுவில் இலங்கையிலிருந்து லண்டனுக்கு வந்தவன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அப்பா கல் உடைக்கிறவர். பெருவிரலைத் தவிர வேறு கையெழுத்து அவருக்குக் கிடையாது. அச்சடித்த தாள் எது வந்தாலும் வீட்டில் என்னிடம்தான் தருவார்கள், நானும் ஒரு நீதிபதியைப்போல நிமிர்ந்து இருந்து வாசிப்பேன். அந்த நிமிர்வு லண்டனிலும் போகவில்லை. பெற்றோல் ஷெட்டில் இரண்டு வருடம், ஒரு கடையில் பெட்டி அடுக்கி ஒரு வருடம். அதன்பிறகு மோர்டனில் ஒரு மின்சாரச் சாமான் கடைக்கு மேலே இருந்த, தமிழருக்கு உதவித்தொகைப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் ஆலோசனை நிலையத்தில் மொழிபெயர்ப்புக்கு ஆள் தேவை என்றார்கள், போனேன். மூன்று நாள் பயிற்சி. உதவித்தொகை விதிகளெல்லாம் அடங்கிய, செங்கல் மாதிரி ஒரு கைநூல் தந்தார்கள். பஸ்ஸிலும் சாப்பாட்டு மேசையிலும் குளியலறையிலும் அதைப் படித்தேன். ஒரு மாதத்தில் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் பயிற்சி.

நிலையத்தின் பொறுப்பாளர் ராஜலட்சுமி. நாங்கள் ராஜி மேடம் என்போம். திருச்சிப் பக்கத்துக்காரர், நாற்பது வயது இருக்கும், நகரக் கவுன்சிலில் சில வருடம் வேலை செய்துவிட்டு அங்கே சண்டை போட்டுக்கொண்டு வந்தவர். மேசைக்கு வந்ததும் சப்பாத்தைக் கழற்றிவிடுவார். நாள் முழுக்க வெறுங்கால்தான். ஆனால் உதவித்தொகை தரும் பெனிபிட் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுக்கிறார் என்றால் முதலில் குனிந்து சப்பாத்தைப் போடுவார், நாடாவை இறுக்கிக் கட்டுவார், எழும்பி நிற்பார். பிறகுதான் இலக்கத்தைச் சுழற்றுவார். வரிசையில் அரை மணித்தியாலம் காத்திருக்க வைத்தாலும் கதிரையில் இருக்கமாட்டார்.

"ஏன் மேடம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வெறுங்காலோட பேசினா குரல் கெஞ்சும்ப்பா. ஷூ போட்டா கேக்கும்" என்றார்.

நான் நிரப்பிய எந்தப் படிவத்தையும் அவர் மௌனமாக வாசித்ததில்லை. உரத்து, நாடக வசனம் மாதிரி வாசிப்பார். என் முதல் படிவத்தை அவர் வாசித்த விதம் இன்றும் காதில் இருக்கிறது. இடுப்பு முறிந்த ஒரு முதியவருக்கு நான் நிரப்பியது அது. 'படி ஏற முடியுமா?' என்ற கேள்விக்கு, 'மெதுவாக, மிகுந்த மனவுறுதியுடன் ஏறுவார்' என்று எழுதியிருந்தேன். 'சமைக்க முடியுமா?' 'நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர்.' என் ஆங்கிலக் கையெழுத்து அவ்வளவு அழகாக வேறெங்கும் அமைந்ததில்லை.

ராஜி மேடம் தாளைக் கீழே வைத்தார். "யோகா, நீ நல்லா படிச்ச பையனா?"

"ஓம் மேடம். வகுப்பிலை முதலாம் பிள்ளை."

"அதான் பிரச்சனை. கேள்வின்னு ஒண்ணைப் பாத்தா மார்க் வாங்கணும்னு தோணுது உனக்கு. உலகத்துலயே பெயிலானா பாஸாகற பரீட்சை இது ஒண்ணுதாம்ப்பா. அதுக்காகப் பொய் எழுதாத. முடியாததை முடியாதுன்னு எழுது. நம்ம ஜனங்களுக்கு அது ஒண்ணுதான் வாய்ல வராது."

எனக்கு விளங்கிவிட்டது என்று தலையாட்டினேன். விளங்கவில்லை என்பது நாகேஸ்வரி அக்காவின் வீட்டில்தான் தெரிந்தது.

அப்போது தொண்ணூறுகள் தொடங்கிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. நாகேஸ்வரி அக்கா மோர்டனுக்குப் பக்கத்து ஊரான மிச்சமில் இருந்தார். அவருடைய கணவர் சிவபாதம் அண்ணை ஊரில் கல்லூரிகளுக்கிடையிலான கிரிக்கெட் ஆட்டங்களுக்கு நடுவராக நின்றவர். லண்டன் வந்து மூன்றாம் வருடம் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது, ஒரு சொல்லைத் தவிர. தமிழில் கேட்டால் 'ஓம்', ஆங்கிலத்தில் கேட்டால் 'யெஸ்'. பசிக்கிறதா, ஓம். பசிக்கவில்லையா, அதற்கும் ஓம். ஆனால் அந்த ஓமை ஒரு நடுவரின் கம்பீரத்தோடு, நாடி நிமிர்த்தி, இடக்கைச் சுட்டுவிரலையும் கொஞ்சம் உயர்த்திச் சொல்லுவார். கேட்பவருக்குச் சந்தேகமே வராது.

அவருக்கு இயலாமைக்கான உதவித்தொகை கிடைத்துக்கொண்டிருந்தது. அவரைப் பார்ப்பதற்காக அக்காவுக்கும் பராமரிப்பாளர் தொகை ஒன்று. அவருடையது தூண் என்றால் இவருடையது அதில் கட்டிய கொடி. தூண் சாய்ந்தால் கொடியும் விழும். ஒரே மகள் கனடாவில், கைக்குழந்தையோடு.

அக்கா எங்கள் நிலையத்துக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. இரண்டு கடிதங்கள் கொண்டுவந்தார். ஒன்று ஆஸ்பத்திரிக் கடிதம்: பித்தப்பையில் கல், இன்ன திகதிக்கு ஒப்பரேஷன். ஆறு கிழமை இருந்தது.

"தம்பி, இதுக்கு வரமாட்டனெண்டு வடிவா ஒரு கடிதம் எழுதித் தாறீரோ? போன ரண்டு முறையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் எழுதினவள். இப்ப அவள் யூனிவர்சிட்டிக்குப் போயிட்டாள்."

"அக்கா, ரண்டு முறை தள்ளிப்போட்டீங்களோ?"

"வேறென்ன செய்யிறது? நான் படுத்தா இவரை ஆர் பாக்கிறது? மற்றது, பாக்காம படுத்துக் கிடக்கிறவளுக்கு அரசாங்கம் ஏன் காசு தரும்? அது களவெல்லோ!"

அப்படிச் சொல்லும்போதே வயிற்றில் குத்து வந்துவிட்டது. கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வாய் மூடி, கண்ணைச் சுருக்கி, யாரோ கதவைத் தட்டிவிட்டுப் போகும்வரை காத்திருப்பவர்போல இருந்தார். பிறகு நெற்றியைத் துடைத்து, "சரி, எழுதும்" என்றார்.

ஆஸ்பத்திரிக் கடிதத்தின் கீழே ஒரு வரி இருந்தது. மூன்றாம் முறையும் வராவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்படும்.

நான் கைநூலைத் தூக்கினேன். எனக்கு அந்தப் பக்கம் மனப்பாடம். பராமரிப்பவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் அவருடைய தொகை உடனே நிற்காது, பன்னிரண்டு கிழமை வரை தொடரலாம். கணவரைக் கவுன்சில் ஒழுங்கு செய்யும் ஓய்வு இல்லத்தில் விடலாம். அங்கே இருபத்தெட்டு நாளுக்குமேல் இருந்தால்தான் அவருடைய தொகை நிற்கும். ஆகவே நாலு கிழமைக்குள் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு, காலையிலும் மாலையிலும் உதவிக்கு ஆள் கேட்கலாம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அக்கா என்னை வாய் பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவும் உந்தப் புத்தகத்திலையோ கிடக்கு?"

"ஓம் அக்கா."

"அப்ப நான் போகலாமோ?"

"போகலாம். போறீங்கள்."

மேசைக்கு மேலே பறக்கிறமாதிரி இருந்தது எனக்கு. இரண்டாவது கடிதத்தை அந்தச் சந்தோஷத்தில்தான் வாசித்தேன். சிவபாதம் அண்ணையின் தொகையை மறுபடி பரிசீலிக்கிறார்களாம். ஒரு டொக்டர் வீட்டுக்கு வந்து பார்ப்பாராம்.

"இதுக்கு என்ன செய்யிறது தம்பி?"

இங்கேதான் என் படிப்பு வேலை செய்தது. ஊரில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கல்வி அதிகாரி வருகிறார் என்றால் ஒரு கிழமைக்கு முன்பே சுவருக்கு வெள்ளையடிப்பார்கள். எண்ணெய் வைத்துத் தலை இழுத்த பிள்ளைகளை முன்வரிசையில் இருத்துவார்கள். எல்லாரும் ஒரே குரலில் பதில் சொல்லுவோம். அதிகாரி போகும்போது தலைமையாசிரியரின் கையைக் குலுக்குவார். அரசாங்க ஆள் வருவது என்றால் எனக்குத் தெரிந்தது அதுதான்.

"அக்கா, பெரிய ஆள் வாறார். வீட்டை வடிவா வைச்சிருங்கோ. அண்ணையை நல்லா வெளிக்கிடுத்துங்கோ. நானும் வாறன்" என்றேன்.

போனேன். வீடு பளபளத்தது. அண்ணை குளித்து, முகம் வழித்து, நடுவர்ச் சங்கத்து நீல பிளேசரில் இருந்தார். கழுத்துப்பட்டியை நான்தான் கட்டினேன், என் கையால். டொக்டர் இளம் ஆள், அவசரக்காரர். வாசலில் மணி அடித்ததும் அக்கா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் கைகொடுத்து அண்ணையை எழுப்பி நிறுத்தினோம். டொக்டர் உள்ளே வரும்போது ஒரு கனவான் நின்று வரவேற்கிறார்! இடக்கை நீட்டிக் கைகுலுக்குகிறார்!

"இருங்கோ டொக்டர், முதலிலை சாப்பிடுங்கோ" என்று அக்கா மேசையைக் காட்டினார். மீன் ரோல்ஸ், உளுந்து வடை, கேக், தேத்தண்ணி. டொக்டர் மூன்று ரோல்ஸ் சாப்பிட்டார். நான் எண்ணினேன், பெருமையாக.

"உங்களால் நடக்க முடிகிறதா?"

"யெஸ்."

"உடுப்பு மாற்ற?"

"யெஸ்."

"சமைக்க?"

"யெஸ்." இதற்கு விரலும் உயர்ந்தது.

பேச்சுப் போன விஷயத்தை நான் சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் அக்கா நாலாவது ரோலை நீட்டினார். டொக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், நன்றி சொன்னார், போய்விட்டார். பதினைந்து நிமிஷம். நானும் அக்காவும் கதவைச் சாத்திவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்து, பரீட்சை எழுதி முடித்த பிள்ளைகள்மாதிரிச் சிரித்தோம்.

பத்து நாளில் முடிவு வந்தது. சிவபாதம் அண்ணைக்கு உதவி தேவையில்லை. தூண் விழுந்தது, கொடியும் விழுந்தது. அதோடு நிற்கவில்லை. கவுன்சிலில் ஓய்வு இல்லத்துக்கு ஒழுங்கு செய்துகொண்டிருந்த பெண், உதவியே தேவைப்படாதவருக்கு இல்லத்தில் கட்டில் எதற்கு என்று கேட்டு, அதையும் நிறுத்தினார். ஒப்பரேஷனுக்கு நாலு கிழமைதான் இருந்தது.

அக்கா ஒரு குற்றமும் சொல்லவில்லை. "பரவாயில்லைத் தம்பி. நீர் அண்டைக்கு எழுதாம விட்ட கடிதத்தை இப்ப எழுதும்" என்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ராஜி மேடத்திடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கழுத்துப்பட்டியையும் மறைக்கவில்லை. டொக்டரின் அறிக்கைப் பிரதியை வரவழைத்தோம். அவர் அதைத் தன் வழக்கப்படி உரத்து வாசித்தார்.

"'நேர்த்தியாக உடுத்தியிருந்தார். எழுந்து நின்று வரவேற்றார். மலர்ந்த முகம். எல்லாக் கேள்விகளுக்கும் தயக்கமின்றிப் பதிலளித்தார்.' யோகா, இது மெடிக்கல் ரிப்போர்ட்டா, மாப்பிள்ளை பாத்துட்டு வந்த லெட்டரா?"

எனக்கு அழுகை வந்தது. அவருக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரித்த சிரிப்பில் என் அழுகை வழி தவறி, நானும் சிரிக்கத் தொடங்கினேன். இரண்டு பேரும் மேசையில் தலையை வைத்துச் சிரித்தோம். பிறகு அவர் டக்கென்று நிறுத்தி, குனிந்து, சப்பாத்தைத் தேடினார்.

அன்று அவர் தொலைபேசியில் நின்றது ஒரு மணித்தியாலத்துக்கு மேல். மறுபரிசீலனை வேண்டும், வேறு அதிகாரி பார்க்கவேண்டும், வேறு டொக்டர் வரவேண்டும், ஒப்பரேஷன் திகதிக்கு முன் வரவேண்டும். ஆஸ்பத்திரிக் கடிதத்தை உடனே அனுப்புகிறோம். நன்றி. உங்கள் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கள். நன்றி. ரிசீவரை வைத்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"நாளைக்குக் காலைல அந்த வீட்டுக்குப் போ. சாயங்காலம் வரைக்கும் ஒரு மூலைல உக்காரு. அந்தம்மா அவருக்கு என்னென்ன செய்றாங்களோ, மணியோட எழுது. அழகா எழுதாத. இருக்கறதை எழுது. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்."

போய் இருந்தேன். குசினி வாசலில் ஒரு கதிரை, மடியில் கொப்பி. காலை உணவு முடியுமுன் நாலு பக்கம் போய்விட்டது.

"என்ன தம்பி உவ்வளவு எழுதுறீர்? நான் இன்னும் ஒண்டும் செய்யேல்லையே!"

"அக்கா, இப்ப அண்ணையைக் கட்டிலாலை எழுப்பினீங்கள்."

"எழுப்பேல்லை. அவர்தான் எழும்பினவர். நான் சும்மா முதுகிலை கையை வைச்சனான்."

"கையை எடுத்தா?"

"விழுந்திடுவார்."

எழுதினேன்.

"சாப்பிடக் குடுக்கிறீங்களே, அதை எழுதட்டோ?"

"அவர் தானாத்தான் சாப்பிடுறவர். நான் குழைச்சு, உருட்டி, இடக்கையிலை வைச்சுவிடுறது மட்டும்தான்."

"வாயிலை போடுறது?"

"அது சிலவேளை."

"சிலவேளையெண்டா?"

"காலமை, மத்தியானம், இரவு."

அதையும் எழுதினேன். சேட்டுத் தெறி போடுவது உதவியில்லை, கட்டின பெண்சாதி செய்கிறது. குளியலறைக் கதவுக்கு வெளியே நிற்பது உதவியில்லை, கதைத்துக்கொண்டு நிற்கிறது. இரவில் எத்தனை தரம் எழும்புவீர்கள் என்று கேட்டால், "எழும்புறதெண்டில்லை, நான் நித்திரை கொள்ளுறது குறைவு" என்றார். உதவி என்பது பக்கத்து வீட்டுக்காரருக்குச் செய்வது. இது வீட்டில் நடக்கிறது. மத்தியானத்துக்குள் எனக்கு இன்னொன்றும் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு முறை அண்ணையைத் தாங்கி எழுப்பிய பிறகும் அக்கா குசினிக்கு வந்து, குழாயைத் திறந்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தண்ணீர்ச் சத்தத்தில் முனகல் வெளியே கேட்காது. அதையும் மணியோடு எழுதினேன். கொப்பி முடிந்துபோய், அக்காவின் கலண்டரில் பழைய மாதம் ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் தொடர்ந்தேன்.

இரண்டாவது டொக்டர் வருவதற்கு முதல்நாள் ராஜி மேடம் அக்காவிடம் தொலைபேசியில் கண்டிப்பாகச் சொன்னார். "அம்மா, நாளைக்கு அவர் வீட்ல எப்படி இருப்பாரோ அப்படியே இருக்கட்டும். செக்கப் முடியறவரைக்கும் ஒரு பிஸ்கெட்கூட வெளிய வரக் கூடாது."

அக்கா என்னிடம் அழுவதுபோலச் சொன்னார். "வீட்டுக்கு வாற ஆளுக்கு ஒரு தேத்தண்ணி குடுக்காம இருக்கிறதோ? எங்கடை ஆக்கள் கேள்விப்பட்டா என்ன சொல்லுவினம்?"

வந்தவர் வயதான பெண் டொக்டர். நனைந்த குடையை வாசலில் உதறினார். அண்ணை சாரமும் பழைய சுவெட்டருமாகக் கதிரையில் இருந்தார். அக்கா கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். குசினிக்குள் துணியால் மூடிய தட்டில் ரோல்ஸ் இருப்பது எனக்குத் தெரியும், மணந்தது. டொக்டருக்கும் மணந்திருக்கவேண்டும். ஒரு முறை மூக்கை அந்தப் பக்கம் திருப்பினார்.

"உங்களால் தனியாக உடுப்புப் போட முடியுமா?"

"யெஸ்."

"தேநீர் போட?"

"யெஸ்."

பேனை தாளில் இறங்கியது. என் நெஞ்சு சப்பாத்துக்குள் இறங்கியது. கொப்பியில் உள்ள எல்லாப் பக்கத்தையும் அந்த இரண்டு யெஸ் தின்றுவிடும்போல இருந்தது.

"டொக்டர்! தயவுசெய்து, ஒன்று கேளுங்கள். அவர் இலங்கையிலிருந்து சைக்கிளில் வந்தவரா என்று கேளுங்கள்."

டொக்டர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். "ஐயா, நீங்கள் இலங்கையிலிருந்து சைக்கிளிலா வந்தீர்கள்?"

"யெஸ்." நாடி நிமிர்ந்திருந்தது. விரல் உயர்ந்திருந்தது.

டொக்டரின் பேனை நின்றது. "நீங்கள் இந்த நாட்டின் பிரதமரா?"

"யெஸ்."

"மனைவியோடு வாழ்வது கஷ்டமா?"

"யெஸ்!"

"அதுக்கு மட்டும் யோசிச்சுப் பதில் சொல்லியிருக்கிறார் பாருங்கோ" என்றார் அக்கா. நான் அதை மொழிபெயர்த்தேன். டொக்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அண்ணையும் தோளைக் குலுக்கிச் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் டொக்டர் அவரை எழும்பச் சொன்னார். அக்காவின் கை தானாகவே அவருடைய முதுகுக்குப் போய்விட்டது.

"அம்மா, கையை எடுங்கள்."

நான் தமிழில் சொன்னேன். அக்கா, "எடுக்கிறன்" என்றார். எடுக்கவில்லை.

"எடுங்கள், நான் பிடித்துக்கொள்கிறேன்."

"எடுக்கிறன், எடுக்கிறன்" என்கிறார், கை அப்படியே இருக்கிறது. ஆறு வருடமாக அங்கே இருந்த கை. அதற்கு ஆங்கிலமும் விளங்கவில்லை, தமிழும் விளங்கவில்லை. டொக்டர் அந்தக் கையைப் பார்த்தார். மற்றக் கை தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்ததையும் பார்த்தார். "போதும், அவரை இருத்துங்கள்" என்று சொல்லிவிட்டு, என் கொப்பியை வாங்கி, கலண்டர்த் தாள் உட்பட முழுக்க வாசித்து, நீண்ட நேரம் எழுதினார்.

பேனை மூடிய சத்தம் கேட்டதுதான் தாமதம், அக்கா குசினிக்குள் ஓடினார்.

தூண் நிமிர்ந்தது, கொடியும் நிமிர்ந்தது. கவுன்சில் பெண் கட்டிலைத் திருப்பித் தந்தார். ஒப்பரேஷனுக்கு மூன்று நாள் இருக்கும்போது அக்கா மறுபடியும் தயங்கினார். "படுத்திருக்கேக்கையும் காசு வருமெண்டு உம்மடை புத்தகம் சொல்லுது. நாளைக்கு அவை வந்து கேட்டா?" இந்த முறை நானே சப்பாத்து நாடாவை இறுக்கி, எழும்பி நின்று தொலைபேசி எடுத்தேன். என் குரல் கேட்டது, கெஞ்சவில்லை. காசு வருமென்று அலுவலகம் எழுத்தில் தந்தது. அந்தக் கடிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனார்.

ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. ஒரு கிழமையில் விடுவார்கள் என்றார்கள். விடவில்லை. பயந்து போய்ப் பார்த்தேன். அக்கா மூன்று தலையணையில் சாய்ந்து, முகம் தெளிந்து, ஆரோ கொண்டுவந்த தோடம்பழத்தை உரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன அக்கா, ஏதும் சிக்கலோ?"

"இல்லைத் தம்பி. காலமை காலமை தாதி வந்து கேக்கிறா, படி ஏறுவீங்களோ, சமைப்பீங்களோ, பாரம் தூக்குவீங்களோ எண்டு. நீர் சொல்லித் தந்தமாதிரி உள்ளதைச் சொன்னன். ஏலாது, ஏலாது, ஏலாது. அப்ப இன்னும் மூண்டு நாள் இருங்கோ எண்டிட்டா." குரலைத் தாழ்த்தினார். "தம்பி, இஞ்ச பகலிலையும் நித்திரை கொள்ளலாம். ஒருதரும் எழுப்பமாட்டினம். இப்பிடியொரு சங்கதி இருக்கிறது எனக்குத் தெரியாமப் போச்சே!"

நாலாம் கிழமை, இருபத்தெட்டு நாள் நிறையுமுன், சிவபாதம் அண்ணையைக் கூட்டிவரப் போனோம். அக்கா மெதுவாக நடந்தார், நான் பையைத் தூக்கினேன். ஓய்வு இல்லத்தின் பெரிய அறையில் தொலைக்காட்சியில் கிரிக்கெட் ஓடியது. அண்ணை முன்வரிசையில். அவரைச் சுற்றி நாலைந்து வெள்ளைக்காரக் கிழவர்கள். ஒரு ஆட்டக்காரர் அவுட்டா இல்லையா என்று கேள்வி எழுந்தது. எல்லாரும் திரையைப் பார்க்கவில்லை, அண்ணையைப் பார்த்தார்கள். அவர் விரலை உயர்த்தினார். "அவுட்!" என்று கிழவர்கள் கத்தினார்கள். அவருடைய மடியில் கஸ்டர்ட் ஊற்றின புடிங், பாதி முடிந்திருந்தது.

அக்கா முன்னால் போய் நின்றார். "இஞ்சாருங்கோ. நான் வந்திட்டன். வீட்டை போவமே?"

அண்ணை அவரை மேலும் கீழும் பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு புடிங்கைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.

"இல்லை" என்றார்.

ஆறு வருடத்தில் முதல் இல்லை. தெளிவாக, ஒரு நடுவரின் இல்லை. அறையில் எங்கள் இரண்டு பேருக்கும்தான் அது என்னவென்று தெரியும். அக்கா வாயில் கையை வைத்தார். பிறகு வயிற்றில் கையை வைத்தார். சிரிப்பு வெடித்தது. "ஐயோ, சிரிக்கப் பண்ணாதேங்கோ! தையல்! தையல்!" என்று கத்திக் கத்திச் சிரித்தார். அவர் சிரிக்கச் சிரிக்க அண்ணைக்கு உற்சாகம் வந்து, "இல்லை! இல்லை!" என்றார். கிழவர்கள் எதற்கென்று தெரியாமல் கைதட்டினார்கள். தாதி ஒருத்தி ஓடிவந்து அக்காவைக் கதிரையில் இருத்தினாள். ஆட்டத்தில் தேநீர் இடைவேளை வந்தபிறகுதான் அண்ணை எங்களோடு புறப்பட்டார்.

நான் அங்கிருந்து நேரே நிலையத்துக்கு ஓடினேன். படி ஏறும்போதே மனதில் ஒரு பூதம். தொகை பெறுபவரின் நிலைமையில் மாற்றம் ஏற்பட்டால் உடனே அறிவிக்கவேண்டும் என்று கைநூலில் இருக்கிறது. அந்தப் பக்கமும் எனக்குப் பாடம்.

"மேடம், சிவபாதம் அண்ணை 'இல்லை' எண்டிட்டார். நாங்கள் டொக்டருக்கு ஓம் மட்டும்தான் வருமெண்டு சொன்னனாங்கள். இது நிலைமை மாற்றமெல்லோ? எந்தப் படிவம் நிரப்புறது?"

ராஜி மேடம் என்னைப் பார்த்தார். "அவர் இப்ப தானா சட்டை போடுறாரா?"

"இல்லை."

"தானா எழுந்திருக்கறாரா?"

"இல்லை."

"புடிங் வேணும்னு மட்டும் சொல்லிட்டாரு."

"ஓம் மேடம்."

"அதுக்கெல்லாம் ஃபார்ம் கிடையாதுப்பா" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியைக் கிட்ட இழுத்தார். பெனிபிட் அலுவலகத்துக்கோ என்று பயந்தேன். குனிந்து மேசைக்கடியில் பார்த்தேன். சப்பாத்து இரண்டும் ஒரு மூலையில் கவிழ்ந்து கிடந்தன. அவர் வெறுங்காலை மற்றக் கால்மேல் போட்டு, கதிரையில் நன்றாகச் சாய்ந்திருந்து, அக்கா வீட்டு இலக்கத்தைச் சுழற்றினார்.

"நாகேஸ்வரி அம்மாவா? வீடு வந்து சேந்தாச்சா? என்ன, உங்க வீட்டுக்காரர் உங்களோட வரமாட்டேன்னுட்டாராமே?"

ரிசீவரை எனக்கும் கேட்கும்படி நடுவில் பிடித்தார். அந்தப் பக்கத்திலிருந்து முதலில் வந்தது சிரிப்பு. அதற்குப் பிறகு, "ஐயோ மேடம், தையல்!"